புழுவுக்கு வளைகாப்பு

மங்களேஸ்வரியின் வயிறு பாட ஆரம்பித்தது ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி டீக்குச் சற்று முன்னால் என்பதில், அந்தத் தேயிலை எஸ்டேட்டின் நாலாம் லைனில் இருந்த இருபத்திரண்டு வீட்டுக்காரர்களுக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. என்ன பாட்டு என்பதில்தான் சண்டை. தாலாட்டு என்றாள் பக்கத்து வீட்டுச் செவந்தியம்மா. எங்கள் ஊர்ப் பக்கம் களையெடுக்கும்போது பாடுவது என்றார் கங்காணி. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தித் தலையைச் சாய்த்து, மங்களேஸ்வரியின் இடுப்பில் மழைக்குச் சுற்றியிருந்த படங்குத் துணிக்குள்ளிருந்து மெல்லிசாகக் கசிந்து வந்த ராகத்தைக் கேட்டார்கள், அவரவர் சொன்னதுதான் சரி என்று அடித்துப் பேசினார்கள், பிறகு மறுபடி பறிக்க ஆரம்பித்தார்கள். வயிறு எப்படிப் பாடும் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. நாற்பது நாளாக வெயிலையே பார்க்காதவர்களுக்கு அதைவிட அவசரமான கேள்விகள் இருந்தன.

பாடியது ஒரு புழு. லைனுக்குப் பின்னால் இருந்த கக்கூஸ்களின் கதவுகள் இரண்டு மழைக்காலத்துக்கு முன்பே இற்று விழுந்துவிட்டதால், சனங்கள் வாழைகளுக்கு நடுவே ஒதுங்கினார்கள். அந்த ஈர மண்ணில் தலைமயிரைவிட மெல்லிசாகக் காத்துக் கிடந்த புழு, வாழைப்பூ ஒடிக்க வெறுங்காலோடு வந்த மங்களேஸ்வரியின் குதிகால் வெடிப்பைக் கண்டது, உள்ளே நுழைந்தது, ரத்தத்தோடு ஓடி நுரையீரலில் ஏறி, ஒரு இருமலில் தொண்டைக்கு வந்து, ஒரு விழுங்கலில் குடலுக்கு இறங்கி, அங்கே பல்லைப் பதித்துக் குடியேறியது.

எல்லா உடம்புக்குள்ளும் காவல்காரர்கள் உண்டு. மங்களேஸ்வரியின் உடம்பில் இருந்தவர்களும் சோம்பேறிகள் இல்லை. அன்றைக்கே தடியோடு வந்து தட்டி, யாரு என்று அதட்டினார்கள். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நாலாம் லைனில் கதவைத் தட்டுகிற யாரும் பேர் சொல்லும் வழக்கம் இல்லை. உள்ளேயிருந்து "யாரு?" என்பார்கள், வெளியிலிருந்து "நான்தான்" என்பார்கள், கதவு திறந்துவிடும். ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வாழ்கிற இருபத்திரண்டு வீட்டில், பேரைக் கேட்பது என்றால் உன்னை எனக்குத் தெரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது. அதற்குப் பிறகு ஒரு மாதம் பேச்சு இருக்காது. அந்த வழக்கத்திலேயே ஊறிய உடம்பு மங்களேஸ்வரியுடையது. புழு அவளுடைய ரத்தத்தில் கொஞ்சம் எடுத்துத் தன் மேலெல்லாம் பூசிக்கொண்டு, அவளுடைய குரலிலேயே, "நான்தான்" என்றது. காவல்காரர்கள் தப்பாக நினைக்காதே என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவர்களுக்கு மறுபடி சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்றுதான் புழு பாட ஆரம்பித்தது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, எல்லாம் நம்ம ஆள்தான், கொஞ்சம் சாய்ந்துகொள் என்று அது பாடப் பாட, காவல்காரர்கள் தடியைத் தலைக்கு வைத்துக்கொண்டு சாய்ந்தார்கள்.

ஆனால் பாட்டுக்கு மதில் ஏது? அது தோலைத் தாண்டி வெளியே வந்தது, முதலில் இலக்கியாவின் மேல் விழுந்தது.

இலக்கியா மங்களேஸ்வரியின் ஒரே மகள், ஏழு வயது. அவள் உடம்புக் காவல்காரர்கள் வேறு ரகம். தூசியைத் திருடன் என்பார்கள், பூனை முடியைக் கொள்ளைக்காரன் என்பார்கள், சில்வர் ஓக் பூத்தால் படையே வந்துவிட்டது என்று கத்தி, மூச்சு போகிற வழியை எல்லாம் அடைத்துப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு மழைக்கும் அவளுக்கு இழுப்பு வந்தது. நெஞ்சுக்குள் விசில் அடிக்கும், விலா எலும்பு உள்ளே போகும், உதடு நீலமாகும். போன மழையில் ஒரு தடவை மூச்சு நின்றே போய், தகப்பன் பூமிராஜ் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மைல் ஓடினான், ஓடும்போதே அழுதான். அப்படிப்பட்ட பிள்ளை அந்தச் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டே வந்து, அம்மாவின் மடியில் தலையைச் சாய்த்தாள். பாட்டு அவள் காதுக்குள் போயிற்று. இழுப்பு நின்றது. அதற்குப் பிறகு அந்த மழை முழுக்க அவளுக்கு இழுப்பு வரவேயில்லை. மங்களேஸ்வரி அன்றைக்கு அழுத அழுகை சந்தோஷத்தின் அழுகை. அந்தச் சந்தோஷத்தை எந்தப் பிசாசிடமிருந்தும் அவள் வாங்கிக்கொண்டிருப்பாள், புழுவிடமிருந்து வாங்கிக்கொண்டதில் என்ன தப்பு?

பிறகு பாட்டு லைனுக்குள் பரவியது. நாய்கள் குரைப்பதை விட்டன. குடித்துவிட்டு வந்து மண்டையை உடைப்பேன் என்று நிற்கிறவர்கள், மங்களேஸ்வரியின் பதினோராம் நம்பர் வீட்டைத் தாண்டும்போது, எதற்காக வந்தோம் என்பது மறந்துபோய் வாசலில் உட்கார்ந்து பாக்கு மென்றார்கள். மாமியாரும் மருமகளும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். பல் முளைக்கிற குழந்தைகளை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்து மங்களேஸ்வரியின் பக்கத்தில் வரிசையாகப் படுக்க வைத்தார்கள். காட்டுமாடுகள் லைன் முற்றத்துக்கே வந்து, துணி காயும் கொடிகளுக்குக் கீழே அசைபோட்டுக்கொண்டு நின்றன. கூரை ஒழுகியது, ஒழுகுகிற இடத்துக்குக் கீழே சட்டியை வைத்துவிட்டு, சட்டியில் விழும் சத்தமும் பாட்டோடு சேர்ந்து நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். பட்டப்பகலில் சிறுத்தை வந்து செவந்தியம்மாவின் ஒரே ஆட்டைக் கவ்விக்கொண்டு போனபோது, அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே, "பாவம், அதுக்கும் பசிதானே" என்றாள். நாய்கள் வாலை ஆட்டி வழியனுப்பின.

இந்த அமைதி எல்லாரையும்விட மேனேஜர் துரைக்குத்தான் மிகவும் பிடித்துப்போயிற்று. கக்கூஸ் கதவு கேட்டு மாதம் தவறாமல் ஆபீசுக்கு வந்துகொண்டிருந்த கூட்டம் வரவில்லை. இரண்டு வருஷமாக டிஸ்பென்சரிக்கு டாக்டர் போடவில்லை என்றும், டாக்டர் நாற்காலியில் பூனைதான் படுத்திருக்கிறது என்றும், எஸ்டேட் ஆம்புலன்சில் பங்களாவுக்கு விறகு ஏற்றுகிறார்கள் என்றும் கத்திக்கொண்டிருந்தவர்கள், துரையைப் பார்த்தால் கும்பிட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கிப் போனார்கள். துரை விசாரித்தார், காரணத்தைத் தெரிந்துகொண்டார், மங்களேஸ்வரிக்குத் தினம் அரை லிட்டர் பால் அனுப்பச் சொன்னார்.

ஐந்தாம் மாதம் பெண்கள் கூடிப் பேசி, அவளுக்கு வளைகாப்பு செய்வதென்று முடிவெடுத்தார்கள். வயிற்றுக்குள் இருப்பது குழந்தையா புழுவா என்பதா முக்கியம், வயிறு வயிறுதானே, பாடுகிற ஒன்றை வெறுங்கையோடு வைத்திருந்தால் நாளைக்கு நம்மைத்தானே பேசுவார்கள் என்றாள் செவந்தியம்மா. மங்களேஸ்வரியை மணையில் உட்காரவைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, கண்ணாடி வளையல் பூட்டி, புளிசாதம் எலுமிச்சைசாதம் தேங்காய்சாதம் என்று ஐந்து வகைக் கலவை சாதம் பொங்கிப் போட்டார்கள். புழு அன்றைக்கு இரண்டு பாட்டு கூடுதலாகப் பாடியது. இப்படி ஒரு கூத்தை வேறு எந்த மலையிலும் செய்திருக்க மாட்டார்கள், நம் சனங்களுக்குப் பாசம் வந்தால் கண் தெரியாது.

கண் தெரிந்த ஒரே ஆள் டிஸ்பென்சரி கம்பவுண்டர் சாலமோன். அதற்குக் காரணம் அவருக்குக் காது கேட்காததுதான். முப்பது வருஷம் ஃபாக்டரி இயந்திரத்துக்குப் பக்கத்து அறையில் மருந்து கலக்கியவர். இடி விழுந்தால் மழை வருமா என்று கேட்பார். பாட்டு அவரை ஒன்றும் செய்யவில்லை. அவர் மங்களேஸ்வரியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், உள்ளே சிவப்பே இல்லை. நகத்தைப் பார்த்தார், சுண்ணாம்பு.

"தாயி, உனக்கு ரத்தம் இல்ல!" என்று அவர் கத்தினார். காது கேட்காதவர்கள் எல்லாரும் கத்துவதுபோல்தான் கத்தினார், ஆனால் கண்ணில் பயம் இருந்தது. "உள்ள இருக்கிறது ஒன்னையக் குடிச்சுக்கிட்டிருக்கு. இந்த மாத்திரைய என் முன்னாலயே முழுங்கு!"

"பாட்டு நின்னா என் புள்ளைக்கு இழுப்பு வருமேய்யா" என்றாள் மங்களேஸ்வரி.

அவருக்கு அது கேட்கவில்லை. அவள் மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தாள், வாயைத் திறந்து காட்டினாள், வீட்டுக்கு வந்து அதைத் துப்பி மஞ்சள்தூள் டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள். அடுத்த மாதமும் அப்படியே. அதற்கு அடுத்த மாதமும் அப்படியே.

"மாத்திரையப் போட்டியா புள்ள?" என்று பூமிராஜ் கேட்பான்.

"போட்டுட்டேங்க."

அவன் நல்லவன், பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்தவன். அவள் கன்னம் ஒட்டிப்போனதையும், அடுப்புச் சாம்பலை விரலால் தொட்டுத் தொட்டு நக்குவதையும், மேட்டில் பத்தடி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கேட்க வாயைத் திறப்பான், ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று பாட்டு வரும், வாயை மூடிக்கொள்வான்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மங்களேஸ்வரி பாயில் படுத்திருந்தாள். வளைகாப்புக்குப் போட்ட வளையல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று தேயிலைச் செடிகளுக்குள் எங்கெங்கோ விழுந்து, இரண்டு கையும் மூளியாகக் கிடந்தன. அம்மாவின் கை அப்படி இருப்பது இலக்கியாவுக்குப் பிடிக்கவில்லை. தன் கையிலிருந்த பச்சை வளையலைக் கழற்றினாள், திருவிழாவில் பூமிராஜ் அவளுக்கென்று அளவு பார்த்து வாங்கிக் கொடுத்தது. விளையாட்டுக்குத்தான் அதை அம்மாவின் விரல்களில் நுழைத்தாள், முட்டியில் மாட்டும் என்று நினைத்தாள். மாட்டவில்லை. ஏழு வயதுப் பிள்ளையின் வளையல் முட்டியைத் தாண்டி, மணிக்கட்டைத் தாண்டி, முழங்கை வரைக்கும் உருண்டு போய் நின்றது. இலக்கியா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாட்டு எவ்வளவோ பாடியும் அவள் பயம் அடங்கவில்லை.

அவள் குனிந்து அம்மாவின் வயிற்றில் காதை வைத்தாள்.

"யாரு?" என்றாள்.

"நான்தான்" என்றது வயிறு, மங்களேஸ்வரியின் குரலில், அச்சு அசலாக.

இலக்கியா யோசித்தாள். குரல் அம்மாவுடையதுதான். ஆனால் இத்தனை மாதத்தில் இது ஒரு தடவையாவது அந்தக் கேள்வியைக் கேட்டதுண்டா? பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும், விளையாடிவிட்டு வந்தாலும், காய்ச்சலில் கண்ணைத் திறந்தாலும் அம்மா முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"நீ எங்கம்மா இல்ல" என்றாள். "எங்கம்மான்னா, சாப்பிட்டியான்னு கேக்கும். நீ சாப்பிடத்தான் செய்யிற."

புழு பாட்டை இன்னும் இனிமையாகப் பாடியது.

மஞ்சள் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பது இலக்கியாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாத டப்பா எந்த வீட்டிலும் கிடையாது. அதை அம்மா ஏன் ஒளித்து வைத்தாள் என்பதும் தெரியும். பாட்டு நின்றால் தனக்கு என்ன ஆகும் என்பது எல்லாரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். நெஞ்சுக்குள் அடித்த அந்த விசிலை அவள் மறக்கவில்லை. எழுந்து போய் மூன்று மாத்திரைகளையும் கரண்டிக் காம்பால் நுணுக்கினாள். அடுப்பில் இருந்த, பால் ஊற்றாத கட்டன் சாயாவில் கொட்டி, வெல்லம் போட்டுக் கலக்கினாள். மாத்திரையில் ஒட்டியிருந்த மஞ்சள்தூளும் சேர்ந்து கரைந்தது. சாயா மஞ்சளாகிவிட்டது.

"அம்மா, சாயா."

மங்களேஸ்வரி எழுந்து டம்ளரை வாங்கினாள். நிறத்தைப் பார்த்தாள். மஞ்சள் வாடையும் அடித்தது. அவள் புத்திசாலி, பாட்டு இல்லாத வீடாக இருந்தால் அந்த நொடியே விஷயத்தைப் பிடித்திருப்பாள். மனசுக்குள் ஒரு சந்தேகம் தடியை ஊன்றி எழுந்து நிற்கவும் பார்த்தது. அதற்குள் வயிற்றிலிருந்து பாட்டு வந்தது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, எல்லாம் நம்ம ஆள்தான், கொஞ்சம் சாய்ந்துகொள். எட்டு மாதமாக எதைப் பாடித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டதோ, அதையே புழு அன்றைக்கும் நன்றாகப் பாடியது. சந்தேகம் சாய்ந்துகொண்டது. மங்களேஸ்வரி டம்ளரை அண்ணாந்து கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் புழுவுக்கு ஒரு வரி மறந்துபோனது. பிறகு வார்த்தைகள் எல்லாம் போய் ராகம் மட்டும் வந்தது. மேலே பூசியிருந்த ரத்தப்பூச்சு உதிர, உள்ளே காவல்காரர்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, யாரு என்றார்கள். "நான்தான்" என்றது புழு. "நான்தான்னா யாரு?" என்றார்கள். அதனிடம் சொல்ல ஒரு பேர் இல்லை.

பாட்டு நின்றது. பிறகு நாய்கள் குரைத்தன. எட்டு மாதத்துக்கும் சேர்த்துக் குரைத்தன, காட்டுமாட்டைப் பார்த்துக் குரைத்தன, கொடித் துணியைப் பார்த்துக் குரைத்தன, தங்கள் வாலையே பார்த்துக் குரைத்தன. செவந்தியம்மா முற்றத்துக்கு ஓடி வந்து, "என் ஆடு! ஐயோ என் ஆடு!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். யார் கொடியில் யார் சேலை என்று இரண்டு பெண்கள் தலைமயிரைப் பிடித்துக்கொண்டார்கள். யார் எதற்காகக் கோபப்படுகிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை, கோபம் மட்டும் எல்லாருக்கும் வந்துவிட்டது.

பதினோராம் நம்பர் வீட்டுக்குள் மங்களேஸ்வரி வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். காலி டம்ளரைப் பார்த்தாள், அடியில் மஞ்சள்.

"மாத்திரையை யாருடி போட்டது?"

"நான்தான்" என்றாள் இலக்கியா. அந்த ஒரு சொல்லுக்கே அவளுக்கு மூச்சு இரண்டு தடவை தேவைப்பட்டது. நெஞ்சுக்குள் விசில் ஆரம்பித்துவிட்டது. "பரவால்லம்மா... நான்... மெதுவா... மூச்சு விட்டுக்கிறேன்."

மங்களேஸ்வரி அலறினாள். உடம்பில் இருந்த கொஞ்ச நஞ்ச ரத்தமும் அந்த அலறலில் தொண்டைக்கு வந்தது. முற்றத்தில் தலைமயிரைப் பிடித்திருந்தவர்கள் கையை விட்டார்கள், நாய்கள்கூட நின்றன, எல்லாக் காதிலும் அந்தச் சின்ன விசில் விழுந்தது. எட்டு மாதமாக விலாசம் இல்லாமல் கிடந்த கோபத்துக்கு அப்போதுதான் விலாசம் கிடைத்தது.

"ஆம்புலன்சு எங்கடா?" என்றாள் செவந்தியம்மா.

"பங்களாவுல. விறகு ஏத்திக்கிட்டு நிக்கிது" என்றார் கங்காணி.

"நடங்க!"

இருபத்திரண்டு வீடும் நடந்தது. பூமிராஜ் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் ஓடினான். மங்களேஸ்வரியை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். பங்களா கேட்டில் துரை வெளியே வந்து, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, டிரைவர் லீவு, சாவி எங்கே என்று பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தார். அவர் பேசி முடிப்பதற்குள் பெண்கள் விறகை எல்லாம் இழுத்து அவருடைய ரோஜாப் பாத்தியில் போட்டுவிட்டார்கள். சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. கம்பவுண்டர் சாலமோன் ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். "மாத்திரையப் போட்டுட்டியா?" என்று மங்களேஸ்வரியைப் பார்த்துக் கத்தினார், அவள் தலையாட்டியதும் அழுதுவிட்டார். கங்காணி ஓட்ட, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஆம்புலன்ஸ் ஒரு மணி நேரத்தில் இறங்கியது. இன்னும் கால் மணி தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று கீழே ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

பிள்ளை ஆறு நாள், அம்மா இருபது நாள். மகள் ஒரு நீலப் பம்பும், அதை எப்போது எப்படி இழுக்க வேண்டும் என்ற பாடமும் வாங்கிக்கொண்டு வந்தாள். அம்மா மூன்று பேருடைய ரத்தமும் இரும்புச்சத்து மாத்திரையும் வாங்கிக்கொண்டு வந்தாள். அவர்கள் மலையேறுவதற்குள் கக்கூஸ்களுக்குக் கதவு வந்திருந்தது, டாக்டர் நாற்காலியிலிருந்து பூனை இறங்கியிருந்தது, துரை மாற்றலாகிப் போயிருந்தார். லைனில் மறுபடி சண்டை இருந்தது, நாய்கள் குரைத்தன, சட்டி வைத்த இடங்களில் தகரம் மாற்றினார்கள். சில பேருக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. அந்தப் பாட்டு நல்லாத்தான் இருந்தது என்று முணுமுணுப்பார்கள், பிறகு மங்களேஸ்வரி ரப்பர் செருப்போடு மேடேறிப் போவதைப் பார்த்து வாயை மூடிக்கொள்வார்கள்.

மறுபடி ஆடி வந்தது. முதல் பெருமழை பிடித்த அன்றைக்கு மங்களேஸ்வரி வேலைக்குப் போகவில்லை. பம்ப் பள்ளிக்கூடப் பையில் இருக்கிறது, எப்போது இழுக்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும், எல்லாம் தெரியும், ஆனாலும் அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து லைனுக்கு ஒன்றரை மைல் ஏற்றம். சாயங்காலம் நாலு மணிக்கு மழைச் சத்தத்துக்கு நடுவே கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"யாரு?"

"நான்தான்."

குரல் இலக்கியாவுடையதுதான், அச்சு அசலாக. மங்களேஸ்வரியின் கை தாழ்ப்பாளுக்குப் போயிற்று. போன கை அங்கேயே நின்றது.

"நான்தான்னா யாரு?"

நாலாம் லைனில் அப்படி ஒரு கேள்வியை அதற்கு முன்னால் யாரும் யாரையும் கேட்டதில்லை. வெளியே மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. மங்களேஸ்வரி கதவில் காதை ஒட்டிக் கேட்டாள். விசில் இல்லை.

"பூ. இலக்கியா, மூணாம் வகுப்பு, நாலாம் லைனு, பதினோராம் நம்பர் வீடு, பூமிராஜுக்கும் மங்களேஸ்வரிக்கும் பொறந்த மக, மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறேன், கதவைத் தொறம்மா!"

அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

மங்களேஸ்வரி கதவைத் திறந்தாள். "சாப்பிட்டியா?" என்றாள்.